நிம்மோவின் அம்மா

ஆம்பூர்
14.10.1984

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. பதில் போட நேரம் இல்லாமல் இல்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுவிட்டேன். கோபிக்க வேண்டாம். அங்கே மழை விட்டதா? ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

பியூலாவுக்குக் காய்ச்சல் விட்டபோது இரண்டு காதிலும் சீழ் வந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா? சொட்டு மருந்தில் நின்ற மாதிரி இருந்தது. இப்போது திரும்பவும் தலையணையில் கறை. அதைவிட எனக்குப் பயம், கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூன்று தடவை, நான்கு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் தரையில் உட்கார்ந்து, நீங்கள் அனுப்பிய பூனைப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். திரும்பவில்லை. பெரிய தாம்பாளத்தைப் போட்டேன். பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா அக்கா ஓடி வந்து, "இன்னா புஷ்பம், அலமாரி சாஞ்சிடிச்சா?" என்றார்கள். நம் பெண் மட்டும் பூனைக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா? பட்டன் விஷயத்துக்குப் பிறகு என் பயத்தை நானே நம்புவதில்லை. பட்டனை முழுங்கிவிட்டாள் என்று பஸ் ஏறி, எக்ஸ்ரே வரை போய், கடைசியில் அது என் புடவை மடிப்பிலிருந்தே விழுந்ததே! அந்த டாக்டர் சிரிப்பை அடக்கிய முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பி.எஸ்ஸி. படித்தவள் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. நீங்கள் 'போ' என்று ஒரு வரி எழுதினால் மறுநாளே போய்விடுவேன்.

ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வரைந்துகொண்டு இங்கேயே இருந்திருந்தால் ஒரு நாள் லீவு போட்டுக் கூட வந்திருப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை, மனதில் பட்டது.

ஜெபத்தில் உங்களை விடாத,
ஜெயபுஷ்பம்


பம்பாய்
29.10.1984

என் அன்பு புஷ்பம்,

முதலில் சந்தோஷச் செய்தி. டில்லியில் எங்கள் டிவி கார்ட்டூனுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்! ஜனவரி முதல் ஞாயிறு தொடங்கி, காலையில், பதின்மூன்று வாரம். 'நிம்மோ கா கர்', அதாவது நிம்மோவின் வீடு. நிம்மோ ஒரு வாலுப் பெண். அவளுக்கு ஒரு அம்மா, ஒரு பூனை. அவ்வளவுதான் ஆட்கள். ஆனால் திரையில் ஒரு நொடி ஓட நாங்கள் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். எட்டுப் பேர் ஒரே அறையில் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறோம். அந்த அம்மாவை வரைவது முழுக்க நான்.

சனிக்கிழமைதோறும் கதை பேச உட்காருவோம். எழுதுகிறவர்கள் இரண்டு பேருமே கல்யாணமாகாதவர்கள். குழந்தை இருக்கும் வீடு எப்படி என்று அவர்களுக்கு என்ன தெரியும்? "குமார், வீட்டிலிருந்து கடிதம் வந்ததா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். பட்டன் கதையைச் சொன்னேன், அதுவே முதல் வாரத்துக்கு நிச்சயமாகிவிட்டது. இப்போது தட்டு, தாம்பாளம், அலமாரி. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள், புஷ்பம். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பியூலாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். காரியத்தில் மூழ்கினால் நானும் அப்படித்தான். என் அம்மா ஏழு தடவை கூப்பிடுவார்களாம். எந்தப் பிள்ளைக்குத்தான் காதில் சீழ் வரவில்லை? வேலூருக்கு அலைய வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், நானே பார்க்கிறேன்.

பதின்மூன்றும் நன்றாகப் போனால் இன்னொரு பதின்மூன்று தருவார்கள். அப்போது இங்கே ஒரு வீடு பார்த்து உங்கள் இருவரையும் கூட்டிக்கொள்வேன். அதுவரை நிறைய எழுது. சின்ன விஷயத்தைக்கூட விடாதே.

முத்தங்களுடன்,
சாந்தகுமார்


ஆம்பூர்
9.1.1985

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்ற தந்தி இருபத்து மூன்றாம் தேதி வந்தது. ஸ்டார் கட்டிவிட்டோம், அவிழ்க்கவில்லை. புது கவுனைப் போட்டுக்கொண்டு பியூலா வாசலிலேயே நின்றாள். வேலை அப்படி என்று தெரியும். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜஹீருன்னிசா அக்கா வீட்டில் நிம்மோ பார்த்தோம். தெருவில் அவர்கள் வீட்டில்தான் டிவி. பிள்ளைகளே இருபது பேர் இருப்பார்கள். எனக்கு இந்தி தெரியாது. அக்காதான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்கள். "பாரு, பட்டன முழுங்கிட்டாளேன்னு அம்மா அழுவுறா... டாக்டர் வயித்துல காத வச்சி, உள்ள தையல் மிஷின் ஓடுதுங்கறான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். "அரே! இது உன் கதைடி புஷ்பம்! அந்தப் பொம்பள மூக்கு கூட உன் மூக்கு!"

எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் மூக்கு அத்தனை பெரிதா?

பியூலா விழுந்து விழுந்து சிரித்தாள். மொழி புரியாமலே சிரிக்கிறாளே என்று ஆச்சரியப்பட்டேன். "படத்த பாத்து சிரிக்குதுங்க, பசங்களுக்கு பாஷ எதுக்கு?" என்றார்கள் அக்கா. சரிதான்.

அவள் காதைப் பற்றிக் கேட்டீர்களே என்று எழுத நினைத்தேன். போன கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லை.

ஜெயபுஷ்பம்


ஆம்பூர்
19.2.1985

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

தட்டு வாரம் பார்த்தோம். அந்த அம்மா தட்டைப் போடுகிறாள், தாம்பாளத்தைப் போடுகிறாள், வாளியை உருட்டுகிறாள், அலமாரியையே சாய்க்கிறாள். வீடு இடிந்து விழுகிறது. நிம்மோ அசையவில்லை. பிறகு பூனை மெதுவாக ஒரு மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறது, நிம்மோ ஒரே பாய்ச்சலாய் வந்து நிற்கிறாள். அக்கா வீட்டுக் கூடத்தில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. நான் கூட வாய்விட்டுச் சிரித்தேன். நன்றாகத்தான் வரைந்திருக்கிறீர்கள்.

இப்போது கடைத்தெருவில் எனக்கு 'நிம்மோ அம்மா' என்றே பெயர். பியூலா கூப்பிட்டால் திரும்பவில்லை என்று யாரிடமாவது வாயைத் திறந்தால், "ஒரு மிட்டாய பிரிச்சி பாரேன்" என்கிறார்கள். நேற்று அக்காவே ஒரு மிட்டாயைப் பிரித்துக் காட்டினார்கள். பியூலா உடனே திரும்பினாள். "பாத்தியா, பாத்தியா? உனக்குத்தான் பயம் ஜாஸ்தி. புள்ளைய போட்டு பேஜார் பண்ணாத" என்றார்கள்.

போன வாரம் வேலூருக்குப் புறப்பட ஒரு பையில் அவள் துணியை எடுத்து வைத்திருந்தேன். அதைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டேன். எனக்கும் கொஞ்சம் நிம்மதி வேண்டியிருக்கிறது.

ஜெயபுஷ்பம்


பம்பாய்
5.3.1985

என் அன்பு புஷ்பம்,

தட்டு வாரத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்திருக்கிறது! அடுத்த பதின்மூன்று கிட்டத்தட்ட உறுதி என்று முதலாளி சொன்னார். எல்லாம் உன்னால்தான். எங்கள் அறையில் உன்னைப் பார்க்காமலே எல்லாருக்கும் உன்னைத் தெரியும். நீ இங்கே வந்து இறங்கினால் ஸ்டேஷனில் மாலையோடு நிற்பார்கள்.

ஏன் இப்போதெல்லாம் சுருக்கமாக எழுதுகிறாய்? அடுத்ததற்குக் கதை வேண்டும். பியூலா வேறென்ன செய்கிறாள்? நீ வேறு எதற்கெல்லாம் பயப்படுகிறாய்? எழுது, எழுது.

அவசரத்தில்,
சாந்தகுமார்


வேலூர்
22.3.1985

பியூலா அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டபடி விவரமாக எழுதுகிறேன்.

பத்தாம் தேதி ஞாயிறு, நிம்மோ ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா வீட்டு டிவியில் சத்தம் மட்டும் போய்விட்டது. படம் ஓடுகிறது. பிள்ளைகள் எல்லாம் "சத்தம் வரல, சத்தம் வரல" என்று கூச்சல். ஒருத்தி எழுந்து போய் டிவியின் தலையில் தட்டுகிறாள். அக்கா திருகைத் திருகிப் பார்க்கிறார்கள். பியூலா மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்து, முதலில் எப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாளோ அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ம்மா, எல்லாரும் ஏன் வாயத் தொறந்துகினு இருக்காங்க?" என்று கேட்டாள்.

அக்கா திருகிலிருந்து கையை எடுத்தார்கள். "யா அல்லாஹ்" என்றார்கள், அவ்வளவுதான். அன்று மிட்டாயை நம் பெண் எதிரில் கையை ஆட்டித்தான் பிரித்தார்கள். அவளுக்குத் தெரிந்தது கை. அது எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் இங்கே வந்துவிட்டோம். அக்காவும் கூட வந்தார்கள். ஐந்து நாள் பரிசோதனை. சீழ் உள்ளேயே நின்று, காதுக்குள் இருக்கும் சின்ன எலும்புகளை அரித்து, அதற்கும் உள்ளே போயிருக்கிறதாம். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். அதைச் சுத்தம் செய்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், ஆறியதும் காது கேட்கும் மிஷின் வைப்பார்களாம். அந்தக் கொஞ்சமும் எத்தனை நாள் நிற்கும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா, "எப்ப இருந்து கேக்கலைன்னு கவனிச்சீங்க?" என்றார். அக்டோபர் என்றேன். பேனாவை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அக்டோபரிலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

உங்களை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அலமாரி சாய்ந்தபோது நானும் சிரித்தேன். பையில் இருந்த துணியைத் திரும்ப அடுக்கியதும் என் கைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் எழுதியதை நீங்கள் அந்த அறையில் உரக்கப் படித்தபோது, ஒரு தடவையாவது, இது நம் பெண் என்று தோன்றவில்லையா?

வலது காதில் இன்னும் சத்தம் விழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் புரிகிறது. உங்கள் குரலைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. அது அவளுக்கு ஞாபகம் இருக்க வேண்டுமானால் இப்போது வாருங்கள். வேறு எதற்காகவும் கூப்பிடவில்லை.

ஜெயபுஷ்பம்


பம்பாய்
1.4.1985

புஷ்பம்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் கடைசி வரை போக முடியவில்லை. நான் பாவி. ஆண்டவர் மன்னிக்கட்டும், நீயும் மன்னி.

உடனே ஓடி வரத்தான் நினைத்தேன். நேற்று பதின்மூன்றாவது வாரம் முடிந்தது. அனுமதிக் கடிதம் கையில் வந்துவிட்டது. அடுத்த பதின்மூன்றுக்குக் குரல் பதிவு இந்த வாரமே தொடங்குகிறது. அம்மாவை வரைகிறவன் இல்லாமல் ஆரம்பிக்க முடியாது என்கிறார்கள். இருபது நாள் பொறு. இருபதாம் தேதிக்குள் நிச்சயம் வருகிறேன்.

மனம் தாங்காமல் அறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எழுதுகிறவர்களில் ஒருவர், நிம்மோவுக்கும் காதில் மிஷின் வைத்தால் என்ன என்று கேட்டார். கேலியாக இல்லை, பரிவோடுதான். நிறையத் தாய்மார்களுக்கு அது தைரியமாக இருக்கும் என்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய்? மிஷின் மாட்டினதும் பியூலா என்ன செய்தாள், எப்படிப் பழகுகிறாள் என்று விவரமாக எழுது.

கண்ணீருடன்,
சாந்தகுமார்


வேலூர்
28.4.1985

பியூலா அப்பாவுக்கு,

இருபதாம் தேதி வரை ஒவ்வொரு ரயிலுக்கும் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய் நிற்கலாம் என்று முதலில் நினைத்தேன். போகவில்லை. நல்லதாயிற்று.

லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறோம். ஆம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டேன். உங்கள் வரைபலகையும் பெட்டியும் ஜஹீருன்னிசா அக்கா வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. பம்பாய்க்கு நாங்கள் வரவில்லை. இங்கே காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. சவுரியம்மாள் டீச்சர் நடத்துகிறார். பேசுகிறவரின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்லித் தருகிறார். அம்மாக்களும் கூடவே உட்கார வேண்டும். அதற்கு ஆள் எதிரில் இருந்தால்தான் முடியும், கடிதத்தில் முடியாது.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை மட்டும்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டதற்குப் பதில்: வேண்டாம். ஆனாலும் செய்வீர்கள் என்று தெரியும். அதற்கு என்னிடமிருந்து விவரம் கிடைக்காது.

வருவதானால் வழி கேட்டு வாருங்கள். கதவைச் சாத்த மாட்டேன். அவளுக்கு நீங்கள் அப்பாதான்.

நேற்று வகுப்பில் பியூலா டீச்சரின் வாயைப் பார்த்தே, முதல் தடவையாக, ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

என்ன வார்த்தை என்று உங்களுக்கு எழுத மாட்டேன்.

ஜெயபுஷ்பம்