என் பெயரில் வாசித்தவன்

ராசிபுரம் பேருந்து நிலையச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. மோகனூர்த் திருவிழாவுக்கு நம் இசைக்குழு, கொல்லி கிட்டார்ஸ். மேலே மாலை போட்ட உன் படம். அதன் கீழே என் பெயர், "டிரம்ஸ்: ராசிபுரம் செங்கோடன்." நீ செத்து ஒன்பது மாதம். நான் குழுவை விட்டுப் பன்னிரண்டு வருடம். நோட்டீஸில் மட்டும் இரண்டு பேரும் இருக்கிறோம்.

நீ குழுவைத் தொடங்கியபோது நான்கு பேர். உன் கிட்டார், தங்கவேலுவின் பேஸ் கிட்டார், ஆர்கனுக்கு மோகனூர்க்காரர் ஒருவர், டிரம்ஸுக்கு நான். எனக்கு எவனும் கற்றுத்தரவில்லை. எண்ணெய் டின்னைத் தட்டித் தட்டி நானே பிடித்தது. சாமி பாட்டு இரண்டு முடிந்ததும் நீ கிட்டாரை அலற விடுவாய். பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள். இளவட்டங்கள் மண் பறக்க ஆடுவார்கள்.

முதலில் தங்கவேலு துபாய் போனான். அவன் இடத்துக்கு வந்தவனையும் நீ மைக்கில் "பேஸ் கிட்டார், தங்கவேலு!" என்றே கூப்பிட்டாய். கேட்டதற்கு, "பேருக்குத்தாண்டா கமிட்டிக்காரங்க கூப்புடறாங்க. ஆளு மாறுனா மாறட்டும், நோட்டீஸு மாறக் கூடாது" என்றாய். ஆர்கனில் மூன்று பேர் மாறினார்கள், மூவருக்கும் ஒரே பெயர். நானும் கூடச் சிரித்தேன். அவர்களுடைய சொந்தப் பெயர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு டிரம்ஸுக்குப் பதிலாக, கரண்டில் ஓடும் ரிதம் பேடு ஒன்றை நீ வாங்கி வந்தாய்.

"டிரம்ஸ ஏத்தி எறக்கி முடியலடா. இதுல தட்டு."

"பிளாஸ்டிக்குத் தட்டத் தட்டறதுக்கு நான் வரல."

"அப்ப ஊட்ல உக்காரு."

உட்கார்ந்தேன். அடுத்த மாதம் சேந்தமங்கலத்தில் கூட்டத்தோடு நின்றிருந்தபோது நீ மைக்கில், "நம்ம ராசிபுரம் செங்கோடன்!" என்றாய். எவனோ ஒருவன் எழுந்து கும்பிட்டான். என் பக்கத்தில் நின்றவர், "செங்கோடனுக்கு வயசே ஆவலியேப்பா!" என்றார். மேடைக்குப் பின்னால் வந்து உன் சட்டையைப் பிடித்தேன்.

"ஆளுதான போயிட்ட? பேரு இருந்துட்டுப் போவுது" என்றாய்.

நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். உன் சாவுக்குத் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, என் பெயருக்கு எழுந்து கும்பிட்டவன் என் வீட்டுக்கு வந்தான். பெயர் முருகேசன்.

"அண்ணா, எம்புள்ளைய மோகனூர்லதானுங்க குடுத்திருக்குது. சம்மந்தி ஊடே முன்னால வந்து உக்காரும். உங்க பேரச் சொன்னா நான் எப்படிங்க எந்திரிக்கிறது?"

"பன்னண்டு வருசமா எந்திரிச்சியே."

"பொழப்புங்ண்ணா. பேர மாத்தச் சொன்னா, அவரு வெச்ச ஏற்பாடு, செங்கோடண்ணன் சரின்னாத்தான் மாத்துவோம்ங்கறாங்க."

என் பெயரை எடுக்கச் சொல்லி உன் ஆட்களிடம் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்! இப்போது ஒருவன் வீடு தேடி வந்து அதையே கேட்கிறான். என் வாயிலிருந்து வந்தது, "முடியாது." அவன் பாதி டீயை வைத்துவிட்டுப் போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான்கு நாள் யோசித்தேன். என்னை இப்போது யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? பேரன்களுக்குத் தாத்தா, பால்காரனுக்குப் பெரியவர். வருடத்துக்கு இருபது மேடையில் செங்கோடன் என்று கத்தினாய், ஊர் கை தட்டியது. நீ என்னிடமிருந்து திருடியதில்தான் நான் மிஞ்சியிருந்தேன். இதை ஒப்புக்கொள்வதைவிட உன்னை வைவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இன்று காலை முருகேசனுக்குப் போன் செய்தேன். "உம் பேரையே சொல்லச் சொல்லு."

"நீங்களும் வாரீங்களாண்ணா?" என்றான்.

"வரல."

அந்தச் சம்மதத்தை உனக்காகக் கொடுக்கவில்லை, தெரிந்துகொள். உன்மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எந்தத் திருவிழாவில் எந்தக் குழு மேடையேறினாலும், வாசிப்பவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கியதும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. டிரம்ஸ் என்று சொல்லி நீ ஒரு நொடி நிறுத்துவாயே, அந்த இடத்தில். என் பெயர் இனி வராது என்று தெரிந்தாலும் நிற்கும்.