மொடமொடப்பான நோட்டுகள்

அக்கா,

இன்று காலை மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஏரி இருக்கும் இடமே தெரியவில்லை. கல்லாவைத் திறந்தேன். ஈர நோட்டின் வாசம், கூடவே மிளகும் காப்பித்தூளும். அந்த வாசத்தில் நீங்கள் வந்துவிட்டீர்கள். பேங்க் முடிந்து, சேலம் பஸ் வரும்வரை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து டீ குடிப்பீர்களே, அப்படியே.

பனிக்காலத்தில் எங்கள் ஏற்காட்டில் நோட்டெல்லாம் வாடிய வெற்றிலைபோலத் துவண்டுவிடும். அதனால் மொடமொடவென்று ஒன்று வந்தால் கடைக்காரர்களுக்குக் கொள்ளை ஆசை. செலவழிக்க மனசு வராது. தனியே டப்பாவில் போட்டு வைத்துப் பேங்கில் கட்டுவோம். அந்த ஐப்பசி விடுமுறைக் கூட்டத்தில் எனக்கும் நல்ல வியாபாரம். பனிக்குள்ளிருந்து ஒரு கை நீளும், நோட்டு வரும், மிளகை வாங்கிக்கொண்டு கை மறுபடி பனிக்குள் போய்விடும். சேர்த்த மொடமொடப்பையெல்லாம் பெருமையாக உங்கள் கவுண்டரில் நீட்டினேன்.

உங்கள் கை நின்றது. ஒரு ஐநூறை எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தீர்கள். பச்சை நூல் நீலமாக மாறவேண்டும், மாறவில்லை. ஓரத்துக் கோடுகள் விரலில் தட்டுப்படவேண்டும், வழவழவென்று இருந்தன. அப்படி ஐந்து நோட்டு, எல்லாவற்றிலும் ஒரே நம்பர்.

நான்கு வரைக்கும் என்றால் முத்திரை குத்தி, பிடித்து வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்களாம். ஐந்தாகிவிட்டால் போலீசுக்குப் புகார் போயே ஆகவேண்டுமாம். கள்ள நோட்டுக்காரி என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் யார் என்னிடம் மிளகு வாங்குவார்கள்? குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

“ஏனுங்கக்கா, ஒண்ண மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க. ஊட்டுக்குப் போயி அடுப்புல போட்டுர்றேன்.”

“முடியாது கண்ணு.”

அவ்வளவுதான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாவி, என் கடையில் எத்தனை டீ குடித்திருப்பீர்கள்!

மறுநாள் ஸ்டேஷனில் விசாரணை. நீங்கள் லீவு போட்டுவிட்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யார் கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பனியில் முகத்தை யார் கண்டது? சின்னப் பாக்கெட் ஒன்று வாங்கிவிட்டு மீதிச் சில்லறைக்கு அவசரப்பட்டார்கள், அது மட்டும்தான் நினைவிருந்தது. பிறகு உங்களிடம் திரும்பி, இவங்களை முன்னமே தெரியுமா என்றார்.

“நொம்ப நல்லாத் தெரியுமுங்க சார். தெரிஞ்சவங்கன்னு நான் மறைச்சிருந்தா, நாளைக்கு இவங்கதான் திருடின்னு ஆயிருக்கும். கள்ளம் இருந்தா என் கவுண்டர்லயா கொண்டாந்து நீட்டுவாங்க?”

அதோடு விடவில்லை. மற்றக் கடைக்காரர்களும் விறைப்பு நோட்டைத் தனியாகத்தான் வைத்திருப்பார்கள், போய்ப் பாருங்கள் என்றீர்கள். சாயங்காலத்துக்குள் கடைத்தெரு டப்பாக்கள் எல்லாம் திறந்தன. பழக்கடையிலும் தொப்பிக் கடையிலும் அதே நம்பர். நோட்டை மாற்றியவர்கள் எந்தக் கடைக்கு எப்போது வந்தார்கள் என்று போலீஸ்காரர்கள் விசாரித்து, அவர்கள் தங்கிய லாட்ஜைக் கண்டுபிடித்து, கீழே சமவெளியில் ஒரு வாடகை அறைவரைக்கும் போய்விட்டார்கள். உள்ளே கலர் பிரின்டரும் வெட்டாத தாள்களும் இருந்தனவாம். என்னை யாரும் அப்புறம் ஒரு மாதிரிப் பார்க்கவில்லை.

ஆனால் பணம் போனது போனதுதானே. வயிறு எரிந்தது. தைப்பனி விலகும்வரை உங்களுக்கு நான் டீ போடவில்லை. நீங்களோ தினமும் வந்து, சும்மா உட்கார்ந்திருந்து, பஸ் ஏறிப் போனீர்கள். ஒருநாள் கேட்காமலே ஒரு கிளாஸை வைத்தேன். எடுத்துக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றீர்கள்.

போன மாசி மாதம் சேலத்தில் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பேங்க்காரர்களும் சொந்தக்காரர்களுமாக வீடு நிறைந்திருந்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகம் அழுதேன் போலிருக்கிறது. உங்கள் நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “நீங்க எங்க அண்ணிக்கு என்ன வேணுமுங்க?” என்று கேட்டார்.

“என்மேல போலீசுல புகார் குடுத்தவங்க,” என்றேன்.

அந்த அம்மா திகைத்துப் போனார். எனக்கு வேறு உறவு சொல்லத் தெரியவில்லை, அக்கா. இப்போதும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.