டிஸ்பென்சரியை மூடும் தேதி

வட்டகொடை
09.06.2025

அன்புள்ள பூரணிக்கு,

இங்கு நலம். போனில் கேட்டால் “பார்ப்போம் ஜீவா” என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். தேயிலைத் தோட்ட வைத்திய நிலையங்களைக் கம்பெனியிடமிருந்து அரசாங்கம் எடுக்கப்போகிறது என்றதும் சந்தோஷப்பட்டேன். பதினாறு வருடமாக இங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவமாது நான். கம்பெனி மருந்து பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். ஆனால் எங்கள் டிஸ்பென்சரி மூடப்படும் பட்டியலில் இருக்கிறதாம். பதினொரு கிலோமீட்டர் தள்ளி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். நாம் பிறந்த லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள், “நம்ம பூரணி சுகாதார அமைச்சுல இருக்காங்க, விடமாட்டாங்க” என்கிறார்கள். பட்டியல் போட்டது யார் என்று விசாரித்து எழுது.

உன் ஜீவராணி

கொழும்பு
02.07.2025

அன்பு ஜீவா,

விசாரிக்கத் தேவையில்லை. பட்டியல் நான் போட்டது. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஒதுக்கிய பணம் எல்லா நிலையங்களுக்கும் போதாது. எல்லாவற்றையும் திறந்து வைத்தால் எல்லாவற்றிலும் காய்ச்சலுக்குப் போடும் பனடோல்தான் இருக்கும். டவுன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கென்றால் டாக்டரும் இரத்தமும் கொடுக்கலாம். நான் பிறந்த தோட்டம் என்பதற்காக வேறு சட்டம் எழுத முடியாது. உனக்கு அங்கே வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கோபிக்காதே.

பூரணி

வட்டகொடை
14.08.2025

பூரணிக்கு,

கோபத்தில்தான் பதில் போடவில்லை. இப்போது எழுத ஒரு விஷயம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கொழுந்தெடுக்கும் அழகம்மாவுக்கு வலி கண்டது. டிஸ்பென்சரியிலேயே பெண்பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. இருந்த ஊசியைப் போட்டேன். வயிற்றை அழுத்திப் பிடித்தேன். கொழுந்து லொறியில் படுக்கவைத்து அந்த உடைந்த ரோட்டில் ஒரு மணி நேரம் போனோம். “அக்கா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது. புள்ளைய பாத்துக்கங்க” என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். நான்கு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள்.

நீ சொன்னது சரி. என்னிடமே வைத்திருந்தால் செத்திருப்பாள். அந்த நேரம் லொறி ஃபெக்டரிக்குப் போயிருந்தாலும் செத்திருப்பாள். இரண்டாவதை உன் பட்டியலில் எங்கே எழுதியிருக்கிறாய்?

மூடு. தடுக்கமாட்டேன். டவுன் வேலைக்கும் போகிறேன். முதலில் தோட்டத்தில் ஒரு அம்புலன்ஸை நிறுத்து. அது வந்து நிற்கும் அன்றே சாவியைத் தருகிறேன். அதுவரை உன் கையெழுத்தோடு உத்தரவு வந்தாலும் இந்தக் கதவு திறந்துதான் இருக்கும்.

இன்னமும் உன் சிநேகிதி,
ஜீவராணி