மாத்தறையை வெட்டிய மனுசனுக்கு

தேனுகாவின் அப்பாவுக்கு,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன்.

பிள்ளை கம்பசுக்கு எழுதின பட்டியலில் முந்தநாள் தெற்குக் கோடியில் இருக்கிற மாத்தறையை வெட்டிப்போட்டு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம், வவுனியா என்று வீட்டுக்குக் கிட்டின ஒழுங்கில் எழுதியிருக்கிறீர்கள். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகவா படிப்பு? அவள் இன்னும் உங்களோடு கதைக்கவில்லை.

நான் திருத்திவிட்டேன். அவள் ஆசைப்படுகிற மாத்தறைக் கடல் படிப்பு முதலில். அவள் பரீட்சையில் எடுத்த இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவை நடுவில். கட்டாயம் கிடைக்கிற உங்கள் வவுனியா கடைசியில். இப்படிப் போட்டால்தான் எங்கேயாவது கால் வைக்கலாம். விண்ணப்பத்தை அனுப்ப நானும் பிள்ளையும் ரவுண் தபாற்கந்தோருக்குப் போகிறோம்.

ராஜினி

கோபிக்க முதல் இதையும் வாசியுங்கோ. பக்கத்து வீட்டுக் கமலாசனியக்கா வேலியடியில் சொன்னா: "உன்ர மனுசன் நேற்று மாத்தறைக்குப் போய்வாற எங்கட சுஜிதனைப் பிடிச்சு, பஸ்ஸில அரை மூடை அரிசி ஏத்த விடுவாங்களோ எண்டு கேட்டவரடி."

அவன் மறுமொழி சொல்ல முதலே வெட்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களாம்.

ஏத்தலாமாம்.