நீ பார்த்து மூடிய பக்கங்கள்

என் செல்வி அக்கா,

இல்லை, அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது. இப்போது இருப்பதற்குப் பெயர் தெரியவில்லை.

நீ போன பதினாறாம் நாள் உன் துணிகளை எடுத்துக் கொடுத்தார்கள். செருப்பைக் கொடுத்தார்கள். போனில் இருந்ததை எல்லாம் அழித்து அத்தை மகனிடம் கொடுத்தார்கள். அழிக்கும் முன்பே அப்பா அவனிடம் சொல்லி, அந்தப் போனிலிருந்தே இணையத்தில் உன் கணக்கையும் மூடவைத்தார். "போனவ பேரு அங்கன கெடந்து அலையக் கூடாதுய்யா. ஆளாளுக்கு ஹாய் ஹாய்னு கூப்பிட்டா அவ எப்படிப் போவா?" உன் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன என்று அவருக்குத் தெரியாது. துணியைப் போல, செருப்பைப் போல, அதையும் வீட்டைவிட்டு அனுப்பினார்.

முதல் வருஷத் திதி வரப்போகிறது. கும்பிட அம்மாவுக்கு ஒரு படம் வேண்டும். இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். "இதா எம்புள்ள? போலீசு புடிச்சிட்டுப் போன மாதிரில்லா இருக்கா" என்று அதைத் திருப்பி வைத்துவிட்டாள். உன் தோழிகளிடம் கேட்டேன். எந்தப் படத்திலும் நீ இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவள் நீ.

அப்புறம்தான் உன் லேப்டாப் நினைவுக்கு வந்தது. சின்னக்கானல் ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் நீ இருந்தபோது அவர்கள் கழித்துப் போட்டு உனக்குக் கொடுத்தது. பார்க்கிற படத்துக்கெல்லாம் பிரவுசர் ஒரு நகல் எடுத்துத் தற்காலிகக் கோப்புகளில் போட்டுவைக்கும், அடுத்த முறை சீக்கிரம் காட்ட. பக்கமே அழிந்தாலும் நகல் கொஞ்ச காலம் கிடக்கும். இடம் போதாவிட்டால் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வைக்கும்.

காலேஜ் லீவுக்கு வந்து, எஸ்டேட் லயத்தில் நம் வீட்டுக் கதவைத் திறந்தால், அப்பா அதில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, மூடுப்பா! மொதல்ல மூடு!"

"ஏம்மா, கரன்டு அடிக்கா?"

"நீ பாக்கப் பாக்க அக்கா அழிஞ்சுக்கிட்டே இருக்கா."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இணைய இணைப்பைத் துண்டித்தேன். பிரவுசரைத் திறக்காமலே, அந்தக் கோப்புகள் இருந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தேன். எதற்கும் பெயர் இல்லை. வெறும் எழுத்தும் எண்ணும். ஒவ்வொன்றின் வாலிலும் ஜேபிஜி என்று ஒட்டிப் பார்த்தேன். சில திறந்தன. பல திறக்கவில்லை.

மெத்தை விளம்பரம். ரோட்டை மறித்து நிற்கும் யானை. ரவிக்கைக் கை டிசைன்கள், விதவிதமாக. கோயம்புத்தூரில் ஏதோ ஒரு பெண்கள் விடுதியின் அறை: கட்டில், ஜன்னல். மறுபடி அதே அறை, வேறு பக்கத்திலிருந்து. போக நினைத்தாயா? என்னிடம்கூடச் சொல்லவில்லையே. அல்லது தானாக வந்து விழுந்த விளம்பரமா? உன் கண்ணில் பட்டதைக் கோப்பு வைத்திருக்கிறது. விரும்பினாயா என்பதை வைத்திருக்கவில்லை. நான் உன்னைத் தேடுகிறேனா, வேவு பார்க்கிறேனா? எழுந்து வெளியே போனேன். வந்தேன். திரும்பவும் போனேன்.

பிறகு, நீ.

உள்ளங்கை அளவு. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்குத் தருவார்களே, கொழுந்து பறிக்கிறவள் வேஷம். அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாய். சிவப்புச் சேலை, முதுகில் கூடை. வாய் நிறையச் சிரிக்கிறாய். மிச்சம் இருந்ததையும் கடைசிவரை பார்த்தேன். உன் படம் வேறு இல்லை.

இதை எப்படி அம்மாவிடம் காட்டுவது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்து பறிக்கிறவள். அந்தப் பாரம் நம் முதுகில் ஏறக் கூடாது என்றுதானே உன்னை ரிசார்ட்டுக்கும் என்னைக் காலேஜுக்கும் அனுப்பினாள். அவள் கும்பிடப்போகும் படத்தில் நீ கூடையோடு. வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். கூடையின் பட்டை உன் நெற்றியில் ஓடுகிறது. அதை வெட்டினால் முகமும் போகும்.

அப்படியே காட்டினேன். அப்பா கதவோரம் நின்றார்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "ஏட்டி, இப்பம் யாருட்டி கூடை தூக்குதா? கொழுந்து வெட்டக் கத்திரியும் அள்ளச் சாக்கும்லா."

அவள் திரையில் உன் கன்னத்தைத் தொட்டாள்.

"வேஷத்துக்குத் தூக்கியிருக்கா. அதான் சிரிக்கா. நெசமா தூக்குனவ எவ இப்படிச் சிரிப்பா? இதையே மாட்டு."

அப்பா கேட்டார்: "நான் பாத்ததுல எத்தனை போச்சும்மா?"

"தெரியாதுப்பா." சமாதானத்துக்குச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

விடுதி அறையின் படங்களை நான் யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன், அக்கா. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் யாரிடமும் சொல்லமாட்டேன். என்னிடமும்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
உன் தங்கச்சி.

இதை எழுதி முடித்து மூணாறு பஸ்ஸில் ஏறினேன். ஸ்டுடியோவில் அந்தக் கூடைப் படத்தைக் கொடுத்தேன். பெரிதாக்கினால் மங்கும் என்றார்கள். பரவாயில்லை, போடுங்கள் என்றேன்.