தடைக்காலத்தில் வார்த்தை ஏலம்

தேங்காய்த்திட்டு,
புதுச்சேரி.

என் மகள் வினோதாவுக்கு, உன் சித்தப்பா தட்சிணாமூர்த்தி ஆசியோடு எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் இங்கே சுகமாக, வெயிலில் பாதிக் கருவாடாக இருக்கிறோம். நீ அங்கே சுகமாக, இரண்டு ஸ்வெட்டருக்குள் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உன் சித்தி கேட்டாள். போனில் என்றால் நீ இரண்டு ‘ம்’ போட்டுவிட்டு, டூட்டிக்கு நேரமாச்சு சித்தப்பா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதே. அதுவுமில்லாமல் ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற நம்ம ஜோசப் ஆனந்தின் மகள் ஜெர்லின், லீவு முடிந்து உங்கள் அயர்லாந்துக்கே திரும்புகிறாள். அவள் பெட்டியில் உன் அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் இதையும் வைத்து அனுப்புகிறேன். காகிதத்தில் ஏதாவது வாசனை அடித்தால் அது கருவாட்டுடையது, என் எழுத்துடையது அல்ல.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது. ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருகிற நாலு கூடை மீனுக்கு ஏலம் கூற துறைமுகத்து ஏலக்காரன் நான் எதற்கு, ஒரு தும்மல் போதும். உன் அப்பா படகுக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார். நிறம் நான் தேர்ந்தெடுத்தது, கிளிப்பச்சை. வெள்ளைக்காரத் தம்பதி அதைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் அசையாமல் நின்றார்கள். அவர்கள் வழி தெரியாமல் நின்றார்கள் என்று உன் சித்தி சொல்வாள், நம்பாதே. நான் உடனே போன்ழூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, பீச்சுக்குப் போகிற வழியையும் சொல்லி, நம்ம ஊர் சரித்திரத்தில் ஒரு பகுதியையும் சொல்லி அனுப்பினேன். சரித்திரம் முழுக்க என் சொந்தச் சரக்கு, ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ சித்தியிடம் அழுதது எனக்குத் தெரியும். ஒட்டுக்கேட்கவில்லை, அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்த முதியோர் இல்லத்தில் உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, வேலை முடிந்து போகும்போது யார் சாப்பிட்டார், யார் தூங்கவில்லை, யாருக்கு எங்கே வலி என்று அடுத்து வருகிறவர்களிடம் இங்கிலீஷில் வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும், அதுதான் உனக்கு வரவில்லை, தாளில் எழுதி நீட்டிவிட்டு வந்துவிடுகிறாய். சோதனைக் காலம் முடிவதற்குள் பேசினால்தான் வேலை நிரந்தரம் என்று மேலதிகாரி அம்மாள் தன்மையாகத்தான் சொன்னாராம். தினமும் போனில் பத்து வார்த்தை மனப்பாடம் செய்கிறேன் சித்தி, சாயங்காலம் நாக்கில் ஒன்றுகூட நிற்பதில்லை, ஊருக்குத் திரும்ப டிக்கெட் பார்க்கிறேன் என்றாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை போட்டபோதுதான் இறங்கியது.

இந்தக் குடும்பத்தில் இப்படிப்பட்ட சிக்கலை அவிழ்க்க என்னை விட்டால் ஆள் ஏது? ஏழாவது வரை படித்திருக்கிறேன், அதற்கு மேலே படித்திருந்தால் பள்ளிக்கூடத்துக்குத்தான் கஷ்டம். நானும் உன்னைப்போலவே படித்துப் பார்த்தால் வார்த்தை எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும் என்று, தினமும் ஜோசப் ஆனந்திடம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பத்து மணிக்கே வியர்வை அதைக் குடித்துவிட்டது. பிறகு ஏலக்கூடத்தில் மீன் விலை எழுதுகிற பலகை சும்மாதானே கிடக்கிறது என்று அதில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப்போட்டேன். முதல் வார்த்தை ‘ஸ்லிப்பரி’. வழுக்குகிறது என்று அர்த்தம். வந்தவர் போனவர் எல்லாம் என்ன என்ன என்று கேட்டார்கள், சொன்னேன், தலையாட்டினார்கள், மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கே பலகையைப் பார்த்தால்தான் வந்தது.

அப்போதுதான் மீன் விற்கிற செல்வாம்பாள் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, “இன்னா தட்சிணா, மீனு இல்லன்னதும் வார்த்தைய விக்க வந்துட்டியா, கூடை எவ்ளோன்னு கூறேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கிண்டலுக்குச் சொன்னாள், எனக்கு உடம்பெல்லாம் மின்சாரம் பாய்ந்தது. ஏன் கூறக்கூடாது? மேடையில் ஏறி நின்று, தவளக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு குரல் விட்டேன். ஸ்லிப்பரி, ஸ்லிப்பரி, புது வரவு, யார் கேட்கிறது! பணத்தால் கேட்கக்கூடாது, அந்த வார்த்தையை வைத்து ஒரு பேச்சுச் சொல்லிக் கேட்க வேண்டும், எந்தப் பேச்சுக்குக் கூட்டம் அதிகமாகச் சத்தம் போடுகிறதோ அவருக்கு வார்த்தை சொந்தம், என் செலவில் டீ. முதலில் ஒருவன் தரை ஸ்லிப்பரி என்றான், சத்தமே இல்லை. இன்னொருவன் கெளுத்தி மீனு ஸ்லிப்பரி என்றான், கொஞ்சம் சத்தம். செல்வாம்பாள் எழுந்து நின்று, “ஐஸ் வண்டிக்காரன் பேச்சு ஸ்லிப்பரி, நாளைக்கு நாளைக்குன்னு நழுவிக்கினே கீறான்” என்றாள். ஐஸ் வண்டிக்காரன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் போட்டு வார்த்தையை அவளுக்கே முடித்தேன்.

அதிலிருந்து தினமும் ஏலம். வீராம்பட்டினத்திலிருந்து வந்தார்கள், கடலூரிலிருந்து வந்தார்கள், முந்நூறு பேர் கூடினார்கள். சித்தி முப்பது என்கிறாள், உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் எண்ணியிருப்பாள். அர்த்தத்தில் தகராறு வந்தால் ஜோசப் ஆனந்த் தீர்ப்புச் சொல்வார். செல்வாம்பாள் ஒரு விதி கொண்டுவந்தாள், கேட்கிற பேச்சு மெய்யாக இருக்க வேண்டும், பொய் சொன்னால் அழுகின மீன் மாதிரி ஏலத்திலிருந்து தள்ளிவிட வேண்டுமாம். அந்த விதி வந்ததிலிருந்து நான் ஏலம் கேட்பதே இல்லை, ஏலம் கூறுகிறவன் கேட்கக்கூடாது என்று வெளியில் காரணம் சொல்லிக்கொள்கிறேன். ஒருநாள் ‘ரிலக்டன்ட்’ என்று ஒன்று வந்தது, அரைமனசு என்று அர்த்தம். “எம் மருமவ எழுந்திரிக்க ரிலக்டன்ட், துன்றதுக்கு மட்டும் ரிலக்டன்ட் இல்ல” என்று அதையும் செல்வாம்பாள்தான் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் மார்க்கெட்டில் மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த ஒரு டீச்சரம்மாவிடம், “ரிலக்டன்ட்டா நிக்காத தாயி, வாங்குனா வாங்கு” என்றாளாம், டீச்சரம்மா பதறிப்போய் இரண்டு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு போனாராம். நான் கண்டுகொண்டது இதுதான் மகளே: ஏலத்தில் போன வார்த்தை ஒன்றையும் நாங்கள் மறக்கவில்லை, யாரும் கேட்காமல் போன வார்த்தை ஒன்றும் இன்றைக்கு நினைவில் இல்லை.

உன் அப்பாவைப்பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் பேச்சு உனக்குத் தெரியும், ஒரு நாள் முழுக்கப் பேசியதைத் தீப்பெட்டியில் போட்டு மூடிவிடலாம். அவர் தினமும் ஏலக்கூடத்துக்கு வருவார், தூண் ஓரமாக உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துவார், ஒரு நாளும் தலை நிமிர்ந்ததில்லை, ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. போன வெள்ளிக்கிழமை ஜோசப் ஆனந்த் கொடுத்த வார்த்தை ‘ஸ்டபர்ன்’. பிடிவாதம் என்று அர்த்தம். ஒருத்தி மாமியாரைச் சொன்னாள், ஒருவன் தன் என்ஜினைச் சொன்னான், ஏலம் நன்றாக ஏறியது. நடுவில் செல்வாம்பாள் கேலியாக, “அத்த விடு, ஒங்க ஊட்டுப் பொண்ணு தடைக்காலம் முடியறதுக்குள்ள பொட்டியத் தூக்கிக்கினு வந்துடுமாமே, இங்கிலீசு வாயில நுழையலியாமே” என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதே, துறைமுகத்தில் காற்று அப்படி. எனக்குப் பத்துப் பதில் நாக்கு நுனியில் இருந்தது, பத்தும் பொய், விதி தடுக்கிறது. அப்போது தூண் ஓரத்திலிருந்து ஒரு குரல், “எம் பொண்ணு ஸ்டபர்ன்.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் எழுந்து நின்றார். செல்வாம்பாள் விடுவாளா, “மெய்யின்னு எப்படி நம்பறது, அத்தாட்சி சொல்லுண்ணா” என்றாள். அண்ணன் சொன்னார், “மூணு வயசு வரைக்கும் பேசல அவ. ஊமைன்னாங்க. முட்டாய் காட்டினாங்க, பொம்மை காட்டினாங்க, அப்பான்னு சொல்லு அம்மான்னு சொல்லுன்னு எத்தினி பேரு கெஞ்சினாங்க, வாயத் தொறக்கல. எல்லாத்தியும் கேட்டுக்கினே இருந்தா. ஒருநாளு கரையில நின்னுக்கினு, அப்பா நம்ம படகு வருது, முன்னால மாமா நிக்கிறாருன்னு முழுசா சொன்னா. அதுக்கப்பறம் யாராலயும் அவ வாய மூட முடியல.” நீ முதன்முதலில் பேசிய வார்த்தை ‘சித்தப்பா’ என்று நான் இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், அதுதான் உண்மை என்று இப்போதும் சொல்வேன், ஆனால் ஏலம் கூறுகிறவன் ஏறுகிற விலையைத் தடுக்கக்கூடாது, விட்டுக்கொடுத்துவிட்டேன். செல்வாம்பாள் கூடையை விட்டு எழுந்து, “கூறு தட்சிணா, இதுக்கு மேல கேக்க யாரு கீறாங்க” என்றாள். மூன்று தரம் வரைக்கும் போகவில்லை, முதல் தரத்திலேயே வார்த்தையை அண்ணனுக்கு முடித்துவிட்டேன். டீ கொடுத்தோம், அண்ணன் வேண்டாம் என்றார். அந்த வார்த்தையை அழிக்காதே, அதுபோதும் என்று மட்டும் சொன்னார். அதனால் பலகையின் மேல்பாதியில் ‘ஸ்டபர்ன்’ அப்படியே இருக்கிறது, மற்ற வார்த்தைகளைக் கீழ்ப்பாதியில் எழுதி அழிக்கிறேன்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு அண்ணன் இன்னொன்றும் சொன்னார், அதில் என் கைச்சரக்கு ஒன்றும் சேர்க்காமல் அப்படியே எழுதுகிறேன். “எழுதறப்ப இதயும் எழுது. அவளால அங்க ஆவலன்னா வரட்டும். நானே மெட்ராஸ் ஏர்போட்டுக்குப் போய்க் கூட்டியாறேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்.” அவ்வளவுதான். ஆகவே டிக்கெட் எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம், இந்த வீட்டுக் கதவுக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் எடுப்பதற்கு முன்னால் சித்தப்பா சொல்வதை ஒரு வாரம் செய்து பார்.

அந்தப் பத்து வார்த்தையை விட்டுவிடு. பத்துக் கூடை மீனை வாங்கி வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? காலையில் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள், அன்றைய வேலைக்கு வேண்டியதாகப் பார்த்து எடு, வீக்கமோ, தலைச்சுற்றலோ, பசியில்லாததோ, இருட்டுவதற்குள் அதை ஒரு ஆளிடம் வாயால் விற்றுவிடு. வாங்குகிற ஆள் யார் என்றும் யோசித்துவிட்டேன். சீட்டாட்டத்தில் உன்னை ஏமாற்றுகிற, காது மந்தமான கிழவர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னாயே, நீ சொன்னதிலிருந்தே அவர் எனக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி தோன்றுகிறது. அவரிடம் போ. அவர் காதில் விழ வேண்டுமென்றால் நீ ஏலக்காரன் மாதிரி கத்தித்தான் ஆக வேண்டும். அந்தக் குரல் வந்துவிட்டால் சாயங்காலம் அடுத்த ஆளிடம் நாலு பேச்சுச் சொல்லி ஒப்படைப்பதெல்லாம் உனக்குச் சின்ன வேலை. தப்பாக வந்தால் வரட்டும், நான் ஜோசப் ஆனந்திடம் தினமும் தப்பாகத்தான் சொல்கிறேன், என்னை இன்னும் யாரும் மேடையிலிருந்து இறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வெந்நீரே குடி. கருவாட்டை ஜன்னலைத் திறந்து வைத்து வறு, போன முறை புகைக்கு மணி அடித்து ஃபயர் இன்ஜின் வந்தது போல ஆகிவிடப்போகிறது. (அந்தக் கதையில் நான் இரண்டு ஃபயர் இன்ஜின் ஆக்கியிருக்கிறேன், ஊரில் யாராவது கேட்டால் இரண்டு என்றே சொல்.) சித்தி உனக்கு முறுக்கும் வைத்திருக்கிறாள், ஜெர்லினுக்குப் பாதி கொடு. நீ நினைத்தது நடக்கட்டும், நாக்கில் வார்த்தைக்குப் பஞ்சமில்லாமல் இருக்கட்டும், நீ தொட்ட வேலை துலங்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. தடை முடிந்து படகு கடலுக்குப் போன மறுநாள் பலகையில் மீன் விலை எழுதியாக வேண்டும். மேல்பாதி உன் அப்பாவுடையது, அதில் கை வைக்க முடியாது. கீழ்ப்பாதியை உனக்காகத் துடைத்துக் காலியாக வைக்கப்போகிறேன். நீ அங்கே வாயால் விற்ற ஒரே ஒரு வார்த்தையை, யாரிடம் விற்றாய் என்பதோடு போனில் அனுப்பு. மெய்யாக இருக்க வேண்டும், செல்வாம்பாள் அத்தாட்சி கேட்பாள். அது வந்து சேருகிற வரைக்கும் வஞ்சிரம் என்ன விலை என்று யார் கேட்டாலும் வாயால்தான் சொல்வேன், எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
உன் குரலுக்காகப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
சித்தப்பா தட்சிணாமூர்த்தி