எல்லைக் கல்லுக்குக் கூழ்

1933, ஆடி வெள்ளி. இரவு.

குடித்த கூழ் இன்னும் வயிற்றில் கனக்கிறது.

மாட்டுவண்டிக்கென்று போட்ட திருவொற்றியூர் சாலையில் இப்போது எண்ணெய் லாரிகள் ஓடுகின்றன. அதை அகலப்படுத்தித் தார் போடப் போகிறோம். புதுச் சாலை எதுவரை வரும் என்று காட்ட, போன மாதம் நான்தான் வரிசையாகக் கல் நட்டுத் தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். அதில் ஒரு கல்லை மீன் விற்கும் கன்னியம்மாவின் குடிசைக்குப் பின்னால் நட வேண்டி வந்தது.

"இன்னா கல்லு நைனா இது?" என்று கேட்டாள். வெயில் தாங்கவில்லை. "எல்லைக் கல்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இன்று அளவு சரிபார்க்கப் போனால், கல்லுக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, கூழ் படைத்திருக்கிறாள். எல்லையம்மனாம்.

"ஒங் கையால நட்ட அம்மா, நைனா. வந்ததுலேர்ந்து புள்ளைக்குக் காய்ச்சலே இல்ல. மொதக் கூழு ஒனக்குத்தான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். சொம்பை நீட்டினாள். குடித்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்கிறார்களே என்று கும்பிடவும் செய்தேன். குடிசையைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் திங்கட்கிழமை வருகிறது. அதைக் கொடுக்க வேண்டியவனும் நானே.

கிளம்பும்போது கேட்டாள்: "எங்க வூடு அம்மா எல்லைக்குள்ளதான கீது?"

"உள்ளதான் இருக்கு" என்றேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொய் சொல்லவில்லை. என்னிடம் இருக்கும் வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சாலையின் எல்லைக்குள், முழுக் குடிசையும்.